இரண்டு பி.எம்.ஆர்., ஒரு ஐஸ் பாக்ஸ்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

தாம்பரம். சுகாதார அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவு. 2003-ஆம் வருஷம் ஜனவரி, மார்கழி மாத வெள்ளிக்கிழமை. காலை பத்து நாற்பது.

டெலிபோன் கதறியது. ரேணுகாம்பாள் எடுக்கவில்லை.

காரணம், கையில் வடை!

இருபத்திரண்டு வருஷ அரசாங்க உத்தியோகம். வடை முதலில், டெலிபோன் அப்புறம் என்பது அவள் கொள்கை. பிரிவில் மற்ற இரண்டு பேரும் லீவு. வேறு வழியில்லாமல் எடுத்தாள்.

"ஹலோ, ஸ்டாடிஸ்டிக்ஸ்..."

"பி.எம்.ஆர். புக்கு உன்னாண்டதான கீது?"

கரகரவென்று ஒரு ஆண் குரல்.

"ஆமா, இருக்கு. இன்னும் டைப் அடிக்கலை. நீங்க எந்த ஆபீஸ்?"

"ஆபீஸா? தோ பாரு... பாட்சா எங்க கையில கீறான். புக்கு வரலேன்னு வெய்யி... பாட்சா பொணம்!"

வடை தரையில் விழுந்தது.

"எ... எந்த பாட்சா?"

"உனுக்கு எத்தினி பாட்சாவைத் தெரியும்? பல்லாவரம் ரேடியோ பாட்சா! இந்தா, அவனாண்டயே பேசு."

மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு தெரிந்த குரல்.

"மேடம்... நான்தான். நம்ம பி.எம்.ஆர். புக்கை உங்ககிட்ட குடுத்து வச்சேனே... ஞாபகம் இருக்குல்ல?"

பாட்சா எந்தப் புத்தகத்தையும் அவளிடம் கொடுத்ததில்லை. ஆனால் அந்தக் குரல் நடுங்கிய நடுக்கம் இருக்கிறதே... ரேணுகாம்பாள் சட்டென்று ஒரு பொய்யை எடுத்து விட்டாள்.

"இருக்கு பாய். பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கேன்."

கரகரப்பு திரும்ப வந்தது.

"பன்னெண்டு மணிக்கு ஆள் வரும். புக்கைக் குடு. போலீஸ் கீலீஸ்னு போனே..."

"போனா?"

"ஹார்ட் அட்டாக்!"

"யாருக்கு?"

"போனை வெய்யி!"

டொக்!

அது என்ன பி.எம்.ஆர். என்கிறீர்களா? இந்த இடத்தில் ஒரு நிமிஷம் பொறுக்கணும்.

ரேணுகாம்பாளின் பி.எம்.ஆர்., ப்ரொப்போர்ஷனல் மார்ட்டாலிட்டி ரேஷியோ. ஊரில் செத்தவர்கள் நூறு பேர் என்றால், அதில் மாரடைப்புக்கு எத்தனை பங்கு, காய்ச்சலுக்கு எத்தனை பங்கு என்று சொல்கிற பட்டியல். எமதர்மனின் மார்க் ஷீட்!

பாட்சாவின் பி.எம்.ஆர்., ப்ரைவேட் மொபைல் ரேடியோ. பல்லாவரத்தில் ஒரு மாடி அறையில் மைக் வைத்துக்கொண்டு, டாக்ஸிகளுக்கும் வேன்களுக்கும் "அங்கே போ, இங்கே போ" என்று சொல்கிற வயர்லெஸ். யார் எத்தனை மணிக்கு எதை புக் பண்ணினார்கள் என்று அவர் எழுதி வைக்கிற நோட்டுதான் பி.எம்.ஆர். புக்.

போன வருஷம் தபால்காரர் புண்ணியத்தில் பாட்சாவின் லைசென்ஸ் கடிதம் 'பி.எம்.ஆர். பிரிவு' என்று ரேணுகாம்பாள் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அதை வாங்க வந்தவர் பிரியாணி கொடுத்தார். அன்றிலிருந்து பழக்கம்.

இப்போது மனுஷன் உயிர் ஊசலாடுகிறது.

ரேணுகாம்பாள் பல்லாவரத்துக்கு டயல் பண்ணினாள். எடுத்தது பாட்சாவின் மனைவி பஷீரா.

"பஷீரா, பாய் எங்கம்மா?"

"காலையில டீ குடிக்கப் போனவரு அக்கா... இன்னும் வரலையே! ஏன், இன்னா ஆச்சு?"

சொன்னாள். எதிர்முனையில் ஒரு அலறல்.

"யா அல்லா!"

"அழாதே. அந்த புக் எங்கே?"

"என்கிட்டதான் அக்கா கீது. இன்ஸ்பெக்‌ஷன் வருதுன்னு அட்டை போட வூட்டுக்கு எடுத்துனு வந்தேன்."

ரேணுகாம்பாளுக்கு இப்போது புரிந்தது. 'பெண்டாட்டியிடம் இருக்கிறது' என்று சொன்னால் தடியன்கள் வீட்டுக்குப் போவார்கள். அதனால் ஆள் நடமாட்டம் உள்ள அரசாங்க ஆபீஸைக் கைகாட்டி விட்டிருக்கிறார்!

"அடப்பாவி பாய்! உன் பொண்டாட்டியைக் காப்பாத்த நான்தான் கிடைச்சேனா?" என்று வாய்விட்டே திட்டினாள். திட்டும்போதே கண் கலங்கியது. "பஷீரா... புக்கை எடுத்துக்கிட்டு உடனே கிளம்பி வா!"

*

பதினொன்று முப்பது.

வெள்ளிக்கிழமை சந்தை நெரிசலைப் பிளந்துகொண்டு ஒரு வேன் வந்து நின்றது. பஷீரா குதித்து இறங்கினாள். கூடவே வேன் டிரைவர் பரணி. இடுப்பில் வாக்கி-டாக்கி. பல்லாவரத்தில் மைக் முன்னால் மகள் கைனாத்தை உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

பரணி ஓட்டுவது சாதாரண வேன் இல்லை. ஐஸ் பாக்ஸ் வேன். சாவு வீட்டில் உடம்பு கெடாமல் வைக்கிற கண்ணாடிப் பெட்டி. குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரை மொத்தம் நாலே பெட்டி. நாலுக்கும் பாட்சா ரேடியோதான்.

"பாய்க்கு யாரும்மா எதிரி?" என்றாள் ரேணுகாம்பாள்.

"எதிரியா? எறும்பை மிதிச்சா சாரி கேக்குற ஆளு அக்கா. நேத்து ஒரு பார்ட்டிக்கு போன் போட்டு, 'ஒரே அட்ரஸுக்கு ஒரே நாள்ல ரெண்டு தபா பெட்டி புக் பண்ணிகிறீங்களே, எது கரெக்டு? இன்ஸ்பெக்‌ஷன்ல கேப்பாங்க'ன்னு கேட்டாரு. அவ்ளோதான்."

"எந்தப் பக்கம்? காட்டு!"

பஷீரா புரட்டினாள். டிசம்பர் இருபத்தேழு.

'9.10 - மாடம்பாக்கம், சன்னதித் தெரு, 14. பெட்டி ஒன்று. 9.52 - பரணி வேன் ரிட்டர்ன். தப்பு அட்ரஸ். 12.15 - அதே அட்ரஸ். பெட்டி ஒன்று. வேறு வேன் போனது.'

பரணியின் முகம் வெளுத்தது.

"இன்னாடா?" பஷீரா அதட்டினாள்.

"அக்கா... அன்னிக்கு நான்தான் போனேன். பெல் அடிச்சேன். ஒரு பெரியவரு வந்து கதவைத் தொறந்தாரு. வெள்ளை மீசை. கையில பேப்பரு. பெட்டியைப் பார்த்துட்டு 'யாருக்குப்பா?'ன்னாரு..."

"நீ இன்னா சொன்னே?"

"இன்னா சொல்றது? உசுரோட கீற வூட்ல பெட்டி எறக்கினா தோலை உரிச்சுடுவாங்க! 'சாரி சார், அட்ரஸ் மாறிப் போச்சு'ன்னு வண்டியை எடுத்துனு ஓடியாந்துட்டேன். அதோட வுட்டுட்டேன்க்கா."

ரேணுகாம்பாள் மேஜைக்குத் திரும்பினாள். இறப்புப் பதிவேட்டை இழுத்தாள். விரல் ஓடியது. நின்றது.

"லக்ஷ்மிநாராயணன். வயசு எழுபத்தொண்ணு. மாடம்பாக்கம், சன்னதித் தெரு, பதினாலு. காரணம், மாரடைப்பு. இறந்த நேரம்..."

விரலை வைத்து இன்னொரு முறை படித்தாள்.

"...பதினொண்ணு நாற்பது!"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அப்போ ஒன்பது பத்துக்கு பெட்டி கேட்டது..." பஷீரா இழுத்தாள்.

"கொலைகாரன்!" ரேணுகாம்பாள் பதிவேட்டைத் தட்டினாள். "டிசம்பர், ஜனவரி குளிருக்கு வயசானவங்க நிறைய பேர் போவாங்க. என் பி.எம்.ஆரைப் பாரு, மாரடைப்பு மட்டும் நூத்துக்கு முப்பத்தெட்டு! பெட்டிக்கு அடிதடி. நம்ம ஆள் ஜாக்கிரதைப் பேர்வழி. ஆளைக் கொல்றதுக்கு முன்னாடியே பெட்டிக்குச் சொல்லிட்டான்!"

"யாருக்கா அவன்?"

"தகவல் கொடுத்துக் கையெழுத்துப் போட்டது மருமகன். பேரு எத்திராஜ்."

அந்த நேரம் பார்த்து வராந்தாவில் செருப்புச் சத்தம்!

"பீரோவுக்குப் பின்னாடி போங்க. மூச்சு விடக் கூடாது!"

பஷீராவும் பரணியும் ஃபைல் மூட்டைகளுக்கு நடுவே மறைந்தார்கள்.

*

எத்திராஜ் வரவில்லை.

ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயசு. அழுது வீங்கின கண். கையில் ஒரு பிளாஸ்க்.

"ரேணுகாம்பாள் மேடம்?"

"நான்தான்."

"நான் ஜெயப்ரியா... மாடம்பாக்கம் லக்ஷ்மிநாராயணனோட பொண்ணு." சட்டென்று ரேணுகாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க அப்பாவை என் புருஷனே கொன்னுட்டாரு அக்கா! வீட்டை எழுதித் தரமாட்டேன்னு அப்பா சொன்னாரு, அதுக்காக! ஏதோ ரேடியோ புக்கு உங்ககிட்ட இருக்குன்னு போன்ல பேசிட்டிருந்தாரு. அவர் ஆளு வர்றதுக்குள்ள என்கிட்ட குடுத்துடுங்க. நேரா கமிஷனர் ஆபீஸ் போறேன்!"

ரேணுகாம்பாள் உருகிப் போனாள். பெற்ற தகப்பனைப் பறிகொடுத்த பெண்ணைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு தாங்கும்?

"அழாதேம்மா... உட்காரு. பாட்சா பாய் எங்கேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியலையே அக்கா. போலீஸ் கேட்டா என் புருஷனே சொல்லிடுவாரு."

"நீ என்ன பண்றே, வேலைக்குப் போறியா?"

"கல்யாண கான்ட்ராக்ட் எடுக்கிறேன். மண்டபம், சமையல், நாயனம், வாழைமரம்... எல்லாம் நானே. மார்கழியில கல்யாணம் கிடையாதே, வேலை இல்லாம வீட்ல இருந்தேன். என் கண்ணு முன்னாடியே அப்பா..." தேம்பினாள். "உங்க வீடு எங்கக்கா? எல்லாம் முடிஞ்சதும் வந்து உங்க கால்ல விழணும்."

"கால்ல எல்லாம் எதுக்கு? ராஜகீழ்ப்பாக்கம், பிள்ளையார் கோயில் தெரு, ஏழாம் நம்பர். எப்ப வேணா வா."

"இதோ வந்துட்டேன்க்கா. சித்திக்கு ஒரு போன் பண்ணிடறேன்."

செல்போனோடு வராந்தாவின் கோடிக்குப் போனாள்.

ரேணுகாம்பாள் பீரோ பக்கம் திரும்பி, "பாவம்டி அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

ஃபைல் மூட்டைக்குள் வாக்கி-டாக்கி கரகரத்தது. கைனாத்தின் குரல்!

"பரணி அண்ணா... புது புக்கிங். எழுதிக்கோங்க. ராஜகீழ்ப்பாக்கம், பிள்ளையார் கோயில் தெரு, ஏழாம் நம்பர். சாயந்தரம் நாலு மணிக்கு பெட்டி. ஓவர்."

அது ரேணுகாம்பாளின் வீட்டு அட்ரஸ்!

"கைனாத்..." பரணி கிசுகிசுத்தான். "பார்ட்டி யாரு? ஓவர்."

"ஒரு லேடி அண்ணா. இப்பதான் வச்சாங்க. பாடியும் லேடீஸாம். குள்ளமாம். கொஞ்சம் அகலமான பெட்டியா வேணுமாம். ஓவர்."

"அகலமாவா?!" ரேணுகாம்பாளுக்கு உயிர் பயத்தையும் மீறி ரோஷம் வந்தது.

"இன்னொண்ணு அண்ணா. காலையில அதே லேடி சேலையூர்ல, ஏரிக்கரைத் தெரு, மூணாம் நம்பர்னு ஒரு பெட்டி புக் பண்ணாங்கல்ல? அது கரெக்டா ஒரு மணிக்கு வந்துடணுமாம். ஓவர்."

பஷீரா பரணியின் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"சேலையூர் பெட்டி... என் வூட்டுக்காரருக்குடா!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த மகராசி, வெளியே வராந்தாவில் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

புக் அவள் கைக்குப் போனால் ஒரு போன் போகும். சேலையூரில் பாட்சாவின் கதை முடியும். போகாதவரை அவர் உயிரோடு இருப்பார். ரேணுகாம்பாள் முடிவு பண்ணிவிட்டாள்.

"பஷீராவையும் கூட்டிக்கிட்டுப் பின்வாசல் வழியா ஸ்டேஷனுக்கு ஓடு பரணி. இன்ஸ்பெக்டர் செல்வமேரிகிட்ட சொல்லு. நான் இவளை நிறுத்தி வைக்கிறேன்."

"எப்படி மேடம் நிறுத்துவீங்க?"

"இது அரசாங்க ஆபீஸ்டா! இங்கே ஆளை நிறுத்தி வைக்க எனக்குக் கத்துக் குடுக்கணுமா?"

*

"புக்கைக் குடுங்கக்கா." ஜெயப்ரியா திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"இந்தாம்மா, பி.எம்.ஆர்."

ஜெயப்ரியா ஆவலாகப் பிரித்தாள். நெற்றி சுருங்கியது.

"இது என்னக்கா? மாரடைப்பு முப்பத்தெட்டு... சுவாசக் கோளாறு பதினொண்ணு..."

"அதுவும் பி.எம்.ஆர்.தான். உங்க அப்பாவும் அந்த முப்பத்தெட்டுக்குள்ளேதான் இருக்கார். உனக்கு ரேடியோ பி.எம்.ஆர். வேணுமா? முதல்லயே தெளிவாச் சொல்லக் கூடாதா? அதுக்கு ரெக்வெஸ்ட் லெட்டர் எழுதணும்."

"லெட்டரா?"

"சும்மா தூக்கிக் குடுத்தா ஆடிட்ல என் சம்பளத்துல பிடிப்பாங்கம்மா. 'பெறுநர்' போட்டு எழுது. ரெண்டு காப்பி. கார்பன் வைக்கக் கூடாது."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். நீட்டினாள்.

"கறுப்பு மையில எழுதியிருக்கியே! நீல மைதான் செல்லும்."

மறுபடி எழுதினாள்.

"பொருள்னு ஒரு வரி வருமே, அது எங்கே?"

மறுபடி!

பன்னிரண்டு ஐம்பது. ஜெயப்ரியா பேனாவைக் கீழே வைத்தாள். முகத்தில் திடீரென்று ஒரு குளிர்ந்த சிரிப்பு. பிளாஸ்க்கைத் திறந்தாள். டம்ளரில் நுரை பொங்க ஊற்றினாள்.

"ரொம்பக் களைப்பா இருக்கீங்கக்கா. என் கையால ஒரு காபி குடிங்க. அப்பாவுக்கு என் காபின்னா உயிரு."

உயிர்தான்! ரேணுகாம்பாள் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினாள்.

"இன்னிக்கு... வெள்ளிக்கிழமை விரதம்மா."

ஜெயப்ரியாவின் பார்வை தரையில் கிடந்த பாதி வடைக்குப் போனது. பிறகு மெதுவாக மேலே வந்தது.

"விரதத்துல காபி குடிக்கலாம்க்கா. குடிங்க."

டம்ளர் அருகே வந்தது. இன்னும் அருகே...

ஓசிக் காபியை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமே இல்லாத கை, டம்ளரை வாங்கியது. வாங்கி...

கவிழ்த்தது!

"ஐயய்யோ! லெட்டரெல்லாம் நனைஞ்சு போச்சே! போனாப் போகுது... முதல்லேர்ந்து எழுதும்மா!"

*

சரியாக ஒரு மணி. சேலையூர், ஏரிக்கரைத் தெரு.

ஐஸ் பாக்ஸ் வேன் வந்து நின்றது. மூன்றாம் நம்பர் வீட்டு கேட்டைத் திறந்தவனுக்குக் கரகரக் குரல். பெட்டிக்காகக் காத்திருந்தவன் மாதிரி வழி விட்டான்.

"உள்ள கொண்டா. ஆளு இன்னும் ரெடியாவல. போன் வரணும். செத்த நேரம் வெய்ட் பண்ணு."

"பண்றேன் நைனா. நமக்கு இன்னா அவசரம்?" பரணியும் இன்னொருவரும் பெட்டியைக் கூடத்தில் இறக்கினார்கள். வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது.

"இன்னாடா, காலிப் பெட்டியை இப்பிடி மூச்சு வாங்கத் தூக்குறீங்க?"

துணி அசைந்தது. கண்ணாடி மூடி திறந்தது. உள்ளேயிருந்து காக்கி உடுப்பில் எழுந்து உட்கார்ந்தாள், இன்ஸ்பெக்டர் செல்வமேரி!

கையில் ரிவால்வர்.

"அசையாதே!"

அசைய அவனுக்கு நினைவு இருந்தால்தானே? 'பேய்...!' என்று ஒரே கத்தல். அப்படியே மல்லாந்து விழுந்தான். பெட்டி தூக்கி வந்த கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார்.

வேனிலிருந்து பாய்ந்து வந்த பஷீரா சமையலறைக் கதவைத் தள்ளினாள். நாற்காலியில் கட்டுண்டு கிடந்தார் பாட்சா. பஷீரா அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். வாயில் இருந்த துணியை எடுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை:

"ஜும்மா தொழுகைக்கு லேட்டாயிடுச்சா பஷீரா?"

"நீங்க உசுரோட கீறதே போதும்! அந்த நோட்டுல ரெண்டு தபா பெட்டின்னா ரெண்டு தபா பெட்டிதான். இனிமே எவளுக்காவது போன் போட்டு சந்தேகம் கேட்டீங்க... நானே கொன்னுடுவேன்!"

*

ஒன்று இருபது. புள்ளிவிவரப் பிரிவு.

ஆறாவது லெட்டரில் 'இப்படிக்கு' போட்டுக்கொண்டிருந்த ஜெயப்ரியாவின் மேல் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தாள். செல்வமேரி! பின்னால் பாட்சா, பஷீரா, பரணி.

பேனா உருண்டது.

"உன் ஆள் எல்லாத்தையும் கக்கிட்டான்மா, வீட்டுக்காக அப்பனைக் கொன்னது நீதான்னு," என்றாள் செல்வமேரி. "உன் சமையல் கோஷ்டியில கரண்டி பிடிக்கிறவனாமே? காபியில என்ன கலந்தேன்னு பிளாஸ்க்கை லேபுக்கு அனுப்பினா தெரிஞ்சிடும். பாவம் உன் புருஷன் எத்திராஜ்... அன்னிக்குக் காலையில திருநீர்மலையில சாமி கும்பிட்டுட்டு இருந்த அப்பாவி. வந்ததும் நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டிருக்கான். எனக்கு ஒண்ணுதான் புரியலை. ஆளைக் கொல்றதுக்கு முன்னாடியே எதுக்கு பெட்டி புக் பண்ணே?"

ஜெயப்ரியா முதல் தடவையாக நிஜமாகவே அழுதாள்.

"பழக்கம் மேடம்... எங்க தொழில்ல எதையும் கடைசி நேரத்துல தேடிக்கிட்டு நிக்கக் கூடாது. அதுவும் மார்கழி... பெட்டி கிடைக்காதே!"

அவளை ஜீப்புக்கு அழைத்துப் போனார்கள். பாட்சா ரேணுகாம்பாளைக் கும்பிட்டார்.

"என் உசுரு நீங்க குடுத்தது மேடம்."

"பிரியாணி குடுத்துக் கழிச்சுடு பாய்." ரேணுகாம்பாள் தொப்பென்று நாற்காலியில் விழுந்தாள். மறுபடி பதிவேட்டை இழுத்தாள். "லக்ஷ்மிநாராயணனை மாரடைப்புலேர்ந்து எடுத்துக் கொலையில சேர்க்கணும். என் பி.எம்.ஆர். மொத்தமும் திரும்பப் போடணும்!"

பரணி தலையைச் சொறிந்தான்.

"மேடம், அந்த நாலு மணி பெட்டி... உங்க வூட்டு அட்ரஸ்... கைனாத்து வேற வேனுக்குக் குடுத்துட்டாளாம். அது சீக்கிரமாவே கெளம்பிப் போயிடுச்சாம்."

"ஐயோ, உடனே நிறுத்தச் சொல்லுடா!" ரேணுகாம்பாள் துள்ளி எழுந்தாள். "எங்க வீட்டுக்காரர் தனியா இருக்கார். 'அட்ரஸ் மாறிப் போச்சு'ன்னு திருப்பி அனுப்புற ஆள் இல்லை... எனக்குன்னு இப்பவே அட்வான்ஸ் குடுத்து வாங்கி வச்சுக்குவார்!"